லவுஞ்சில் பார்த்த தண்ணீர்

ஒரு கார்டுக்கு இரண்டு பேர்தான் உள்ளே போகலாம் என்று மேசைக்குப் பின்னால் நின்ற பெண் சொன்னாள். நாங்கள் மூன்று பேர். எங்களை அழைத்துப் போகவென்றே சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, என் மனைவி, நான். திருச்சி விமான நிலையத்தில் எல்லாச் சோதனையும் முடிந்து, பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்தி வாங்கிய பிறகு இப்படி இன்னொரு கதவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"நான் வெளியிலயே உக்காந்திருக்கேன் மாப்ள. நீங்க அத்தைய அழைச்சிட்டுப் போங்க" என்றேன்.

மரியாதைக்காகச் சொன்னதல்ல. பழக்கமில்லாத இடத்துக்குள் நுழைந்தால் வெளியே வரும் வழி எது என்றுதான் என் கண் முதலில் தேடும். மாப்பிள்ளை கேட்கவில்லை. பர்சைத் துழாவி இன்னொரு கார்டை எடுத்தார். "உங்கள வெளியில ஒக்கார வச்சேன்னு தெரிஞ்சா உங்க பொண்ணு என்னைய வீட்டு வாசல்ல ஒக்கார வச்சிடுவா மாமா" என்றார். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது கார்டை இயந்திரம் ஒத்துக்கொண்டது. உள்ளே போனோம்.

லவுஞ்ச் என்று மாப்பிள்ளை சொன்னார். என் மனைவி பிற்பாடு ஊரில் எல்லாரிடமும் சாப்பாட்டு ரூம் என்றுதான் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஓரமாக மூடி போட்ட பாத்திரங்களில் இட்லி, பொங்கல், தயிர்சாதம், ஏதோ ஒரு மஞ்சள் குருமா. நடுவில் சோபாக்கள். சுவரில் பெரிய டிவி, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானத்தின் வால் தெரிந்தது. வெளியே ஆடி மாதத்து வெயில் என்பதை நம்ப முடியாத குளிர்.

சோபாவில் உட்கார்ந்ததும் சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டிருந்த துணிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது. அன்று காலையிலிருந்து அதை எத்தனை முறை தொட்டேன் என்று கணக்கில்லை. வீட்டிலிருந்து கார் கிளம்பிய பிறகு கேஸை மூடினோமா என்று ஒரு தடவை, கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டோமா என்று ஒரு தடவை, இரண்டு முறை வண்டியைத் திருப்பச் சொன்னேன். இரண்டும் மூடித்தான் இருந்தன. "இன்னும் ஒருவாட்டி திருப்புனீங்கன்னா பிளேன்காரன் நேரா நம்ம பொண்ணு வீட்டுக்குப் போயி, உங்கப்பா வரலைம்மான்னு சேதி சொல்லிட்டு வந்துடுவான்" என்றாள் மனைவி.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். மனைவி போயே ஆக வேண்டும். அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்று மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எனக்கும் சீட்டு எடுத்துவிட்டார்கள். நாற்பது நாள். நான் தலையாட்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நான் திரும்பி வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் வராது என்று நம்பினேன்.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குளுகுளு அறையில் தட்டோடு உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன கேடு வந்தது என்று தோன்றும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் எனக்கு ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலம் இல்லை, மடத்து நிலம். என் அப்பா காலத்திலிருந்து குத்தகை. குத்தகைப் பதிவில் அப்பா பேர் இருந்தது, அவருக்குப் பிறகு என் பேர். பதிவு இருக்கும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் அந்தப் பதிவு உயிரோடு இருக்க வேண்டுமென்றால் குத்தகைதாரர் தானே இறங்கிச் சாகுபடி செய்ய வேண்டும். வேறு ஆளிடம் விட்டுவிட்டு வேறு ஊரில் போய் உட்கார்ந்தால் பாத்தியம் போய்விடும். அதுதான் சட்டம்.

நான் இறங்குவதை விட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். வலி இருந்ததும் உண்மைதான். மகள் சிங்கப்பூர் போய் வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்த வலி அதிகமானது என்பதும் உண்மைதான். நிலத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டது ஒரு பெண்பிள்ளை. ஊரின் கீழத் தெருவில் இருந்தவள், புருஷன் இல்லாதவள். முதலில் களை பறிக்க வந்தாள். அப்புறம் நடவுக்கு ஆள் சேர்த்தாள், தண்ணீர் கட்டினாள், அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்த ஒன்பது மாவில் எந்த மூலை பள்ளம், எந்த வரப்பில் நண்டு வளை என்பது எனக்கு மறந்து அவளுக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம் ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேர் வயிறும் அந்த நிலத்தில்தான் நிறைந்தது. அது எப்படி என்பதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் நான் இறங்குவேன், தெளிக்கிற அன்று. எங்கள் பக்கம் தண்ணீர் கடைசியாக வருவதால் நாற்று விடுவதில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே காய்ந்த நிலத்தை உழுது, புழுதியில் விதையைக் கையால் தெளித்துவிடுவோம். தண்ணீர் வந்து தொட்டதும் முளைக்கும். அந்த முதல் கையை, வடகிழக்கு மூலையில் கிழக்கே பார்த்து நின்று, யார் பேரில் நிலம் இருக்கிறதோ அவர்தான் வீச வேண்டும். ஊரே அப்படித்தான் செய்யும். வி.ஏ.ஓ.வும் அந்த வாரத்தில்தான் பைக்கில் சுற்றி வந்து, இது யார் தெளித்தது, அது யார் தெளித்தது என்று கேட்டு அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கில், எழுதிக்கொள்வார். நான் ஒரு கை வீசுவேன், இரண்டு கை வீசுவேன். பிறகு வரப்பேறி குடையைப் பிடித்துக்கொள்வேன். மீதி நிலத்தை அவள் தெளிப்பாள். அடங்கலில் என் பேர் ஏறும்.

முந்தின வருஷம் மடத்து ஏஜெண்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் நேரடியாகச் சாகுபடி செய்யவில்லை, உள்குத்தகைக்கு விட்டுவிட்டேன், என்னை வெளியேற்ற வேண்டும் என்று வருவாய் கோர்ட்டில் மனு போட்டார்கள். எங்கள் வக்கீல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "இந்த வருஷப் பசலி அடங்கல்ல உங்க பேர் விழுந்துடணும். விழுந்துட்டா அவங்களால ஒண்ணும் கிழிக்க முடியாது. விழலன்னா என்னைய வந்து பாக்காதீங்க" என்றார். கூடவே, வெளிநாடு போகிற சங்கதியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நானும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லி வைத்தேன். மூன்று பெட்டிகளையும் பச்சைக் கயிற்றால் வரிந்து கட்டி, அதன்மேல் மகள் வீட்டு விலாசத்தைக் கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனை என்னென்று நினைத்திருப்பார்களோ தெரியாது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என் கணக்கு இதுதான். மேட்டூரில் தண்ணீர் இல்லை. ஆனியில் திறக்கவில்லை. ஆடி பிறந்தும் பேச்சில்லை. திறந்தால் ஆவணி கடைசியில் திறப்பார்கள், அதற்குள் நாற்பது நாள் முடிந்து வந்துவிடலாம், வந்து தெளிக்கலாம். ராத்திரி பகலாக யோசித்து, காலண்டரில் விரல் வைத்து எண்ணி எண்ணி முடிவு செய்தது. இத்தனைக்கும் நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். எண்ணுவதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

மனைவி பையைத் திறந்து எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிசாதம். "இங்க எல்லாம் இருக்கு அத்தை" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "இருந்தா இருந்துட்டுப் போவட்டும். இத யாரு திங்கிறது?" என்று மூடியில் சாதத்தைப் போட்டாள். சூட்டு கோட்டு போட்ட ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை இரண்டு நிமிஷம் எங்கேயோ பார்த்தார். அப்புறம் நகர்ந்து பக்கத்தில் வந்து, "கொஞ்சம் குடுங்க அத்தை" என்று கையை நீட்டினார். நான் தயிர்சாதம் வாங்கி வந்திருந்தேன். தட்டு சில்லென்று இருந்தது. பில் வருமோ, ஒருத்தருக்கு எத்தனை கரண்டி என்று இருக்குமோ என்று பயந்து ஒரு கரண்டிதான் போட்டுக்கொண்டேன்.

தலையை நிமிர்த்தியபோது டிவியில் தண்ணீர் ஓடியது.

முதலில் சினிமா என்று நினைத்தேன். பிறகு மதகு தெரிந்தது. அந்த மதகை எனக்குத் தெரியாமல் இருக்குமா? முதலமைச்சர் பொத்தானை அழுத்துகிறார். ஷட்டர் ஏறுகிறது. வெள்ளை வெள்ளையாக நுரை சீறிக்கொண்டு வருகிறது. மேலே நின்று அவரும் அமைச்சர்களும் பூவைத் தூவுகிறார்கள். பூ விழுந்த இடம் தெரியவில்லை. கீழே எழுத்து ஓடியது. எனக்கு வேகமாகப் படிக்க வராது. மூன்றாவது முறை ஓடியபோதுதான் முழுசாகப் பிடித்தேன். மேற்கே கன மழை, அணை நிரம்பிவிட்டது, டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு.

சத்தம் இல்லாமல் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது ஒரு மாதிரி. அவ்வளவு தண்ணீருக்கு அறையில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள், அது கேட்டது.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் அடித்துக்கொள்கிற நெஞ்சு அது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. விரல் மட்டும் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. மேட்டூரிலிருந்து கல்லணைக்கு மூன்று நாள். அங்கே பூஜை போட்டுப் பிரித்துவிட ஒரு நாள். எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர மேற்கொண்டு எட்டு, பத்து நாள். ஆக மொத்தம் இரண்டு வாரம். அதற்குள் தெளித்தாக வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் புழுதி சேறாகிவிடும், கைத்தெளி முடியாது. நான் திரும்ப நாற்பது நாள். வி.ஏ.ஓ. வருகிறபோது மூலையில் நான் இருக்கமாட்டேன். பாஸ்போர்ட்டில் இன்றைய தேதியோடு முத்திரை இருக்கிறது. நான் இந்த ஊரில் இல்லை என்பதற்கு நானே கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற சாட்சி.

திரும்பிப் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. எழுந்து போய் வாசல் பெண்ணிடம் கேட்டேன். முத்திரை விழுந்த பிறகு திரும்பி ஊருக்குப் போவதென்றால் முடியுமா அம்மா என்று. முடியும், விமானக் கம்பெனி ஆளோடு போய் அதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டும், முத்திரைமேல் ரத்து என்று போடுவார்கள், பெட்டியை இறக்கவும் நேரமாகும் என்றாள். "ஏதாவது அவசரமாங்க ஐயா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? என் நிலத்தில் ஒரு கை விதை வீச வேண்டும் என்றா? ஒன்றும் இல்லம்மா என்று வந்து உட்கார்ந்தேன். நான் பாத்ரூம் எங்கே என்று கேட்கப் போனதாக நினைத்து மாப்பிள்ளை வழி காட்டினார். அங்கேயும் போய்விட்டு வந்தேன்.

அப்பாவின் ஞாபகம் வந்ததா என்று பிறகு என் மனைவி கேட்டாள். வந்தது. ஆனால் கண் கலங்குகிற மாதிரி வரவில்லை, டிவியில் ஓடுகிற மாதிரிதான் வந்தது.

குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் வந்த சமயம். நிலம் அப்போது டவுனில் இருந்த ஒருவர் கையில் இருந்தது. மடத்திடமிருந்து அவர் குத்தகைக்கு வாங்கி, என் அப்பாவிடம் வாய்மொழியாக விட்டிருந்தார். தாசில்தார் ஜீப்பில் வந்து வயலோரம் இறங்கி, யார் உழுவது என்று கேட்டார். டவுன்காரரும் கூடவே வந்து நின்றார். பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அப்பா முழங்கால் சேற்றில் நின்றபடியே, "நாந்தாங்க உழுவுறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த வருஷ அறுவடைக்கு டவுன்காரர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். இங்கே செங்கொடி பிடித்தவர்கள் மறித்தார்கள். கூலிச் சண்டையும் அதோடு சேர்ந்துகொண்டது. போலீஸ் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியது. கரும்பலகையில் ரோந்து முறை எழுதியிருந்ததாகச் சொன்னார்கள். மாசக்கணக்கில் பள்ளிக்கூடம் இல்லை. திறந்தபோது நான் மாடு ஓட்டப் பழகிவிட்டிருந்தேன். யாரும் என்னைத் திரும்பப் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் படித்ததெல்லாம் கடைத்தெருவில் இருந்த கட்சிப் படிப்பகத்தில்தான். பேப்பரை விரல் வைத்துப் படிப்பேன்.

நிலம் எங்கள் பேருக்கு வந்தது. அந்த ஒரு வாக்கியத்தால் வந்த நிலம் என்று எல்லாரும் சொல்வார்கள். என் படிப்பு போனதும் அந்த வாக்கியத்தால்தான். அதை யாரும் சொல்வதில்லை.

போன் அடித்தது. வயலைப் பார்த்துக்கொள்கிறவள்தான். எனக்குக் கை நீளவில்லை. நின்றுவிட்டு மறுபடி அடித்தது. சூட்டு கோட்டுக்காரர் மறுபடி பார்த்தார். எடுத்தேன்.

"அண்ணே, தண்ணி தொறந்துட்டாங்களாமே."

தெரியும் என்றேன். டிராக்டர்காரர் வரப்பில் நிற்கிறார், நாளைக்கு நம் பக்கம் உழுது கொடுத்துவிடுவாராம், விட்டால் ஒரு வாரத்துக்குக் கிடைக்கமாட்டார், என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். உழச் சொல்லு என்றேன். விதைநெல் வைக்கோல் கோட்டையில் பத்திரமாக இருக்கிறது, நாளை மறுநாள் தெளித்துவிடலாம் என்றாள். காற்று இரைச்சல் கேட்டது. டிராக்டர் உறுமுவது கேட்டது. அவள் வெயிலில் நிற்கிறாள் என்பது அந்தக் குளிரிலும் தெரிந்தது.

அப்புறம் அவளே சொன்னாள். கேஸ் விவகாரம் அவளுக்கும் தெரியும். வக்கீல் சொன்னதை நானே அவளிடம் சொல்லியிருந்தேன், யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

"வி.ஏ.ஓ. அடுத்த வாரம் சுத்தி வர்றாராம். கேப்பாருல்ல, யாரு தெளிச்சான்னு. நான் என்ன சொல்லட்டும்ணே?"

நான் கழுத்துப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க கவலப்படாதீங்க. அவரு வயல்ல எங்க எறங்கப்போறாரு. ரோட்டுலயே வண்டிய நிறுத்திட்டுப் பாப்பாரு. நான் உங்க சட்டையத்தானே போட்டுக்கிட்டு நிக்கிறேன். தூரத்துலேருந்து பாத்தா நீங்கதான்." சிரித்தாள். "தலப்பாவும் கட்டிக்கிறேன். கொடதான் இல்ல. அதுவும் வேணும்னா உங்க வீட்டுலேருந்து எடுத்தாறேன்."

எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். நெல் தாள் அறுக்காமல் இருக்க, வெயில் தாக்காமல் இருக்க. பதினெட்டு வருஷமாக என் பழைய சட்டைகள் எல்லாம் அவளிடம்தான் போயின. அப்போது அவளிடம் ஒரு நீலச் சட்டை இருந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது.

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். கேலியாகச் சொன்னாலும் நிஜமாகவே செய்துவிடுவாள். வி.ஏ.ஓ. கேட்டால் அண்ணன்தான் தெளித்தார் என்பாள், அடங்கலில் என் பேர் விழும், கேஸ் நிற்கும். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதை எழுதும்போதும் அந்த வார்த்தை எவ்வளவு சுலபம் என்று யோசிக்கிறேன்.

"ரெண்டுல எதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் அதையே சொல்லிடுவேன். அப்பறம் மாத்தி மாத்திப் பேச எனக்கு வராது" என்றாள். இப்போது சிரிப்பு இல்லை.

மாப்பிள்ளை எதிரே வந்து நின்றார். கூப்பிட்டுவிட்டார்கள், வரிசையில் நிற்க வேண்டும் என்று கையால் காட்டினார். மனைவி தூக்கை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, தட்டித் தட்டிப் பார்த்தாள். டிவியில் மறுபடியும் முதலிலிருந்து பொத்தானை அழுத்தினார்கள். அதே ஷட்டர், அதே பூ.

"யாரு தெளிக்கிறாங்களோ அவங்க பேரச் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும் வந்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ம்."

"அண்ணி என்ன சொல்லுவாங்க?"

"அத நான் பாத்துக்கிறேன். வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் சிலர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். படிப்பகத்துப் பழைய சிநேகிதர் ஒருவர், நான் இத்தனை வருஷம் படித்தது வீண் போகவில்லை என்றார். எனக்குக் கூசியது. நியாயம் அநியாயம் எல்லாம் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடவில்லை. களைப்பாக இருந்தது. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், அவரை நிற்க வைக்கிறோமே என்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு கைக்காகப் பன்னிரண்டு மாசம் பயந்தது போதும் என்று இருந்திருக்கலாம். பொய்யை அவள் வாயில் வைத்துவிட்டு, அவள் எங்கே உளறிவிடுவாளோ என்று நாற்பது நாள் அந்நிய ஊரில் உட்கார்ந்து பயப்பட என்னால் முடியாது என்றும் இருந்திருக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் கடைசிக் காரணத்தைத்தான் நம்புவார்கள்.

விமானம் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று நாலு முறை இழுத்துப் பார்த்த பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். கீழே நிலம் சின்னச் சின்னச் சதுரமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் காய்ந்த நிறம். அவள் திரும்பவில்லை.

"உங்கப்பா சேத்துல நின்னு வாங்குனாரு" என்றாள். "நீங்க சோபாவுல உக்காந்து குடுத்துட்டீங்க."

என் காது இரண்டும் அடைத்திருந்தன. ஆனாலும் கேட்டது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் வரும்வரை அவள் பேசவில்லை. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்த நாற்பது நாளில் என் மனைவி என்னிடம் பேசியதெல்லாம் குழந்தைக்கு வெந்நீர், அடுப்பு, துணி என்பதோடு சரி. நானும் அந்தப் பதினோராவது மாடியில் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டு இருந்தேன். ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அடங்கலைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். விரல் வைத்துப் படித்தேன். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் அவள் பேர் இருந்தது. நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். நாந்தான் தெளிச்சேன்னு சொல்லுச்சு, வேற ஒண்ணும் சொல்லல என்றார்.

எனக்கு ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். தோன்றவில்லை. ஆனால் கண் பழக்கத்தில் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. நிலத்தின் எண்ணில் உட்பிரிவை மாற்றி எழுதியிருந்தார். அது பக்கத்து வயல். இந்த எண்ணை நான் இருபது முப்பது வருஷமாகத் தூக்கத்தில்கூடச் சொல்கிறவன். இப்படியே விட்டால் நாளைக்கு மடத்து ஏஜெண்டு இந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் தெளித்தது இந்த நிலமே இல்லை என்பான். நாற்பது நாள் கழித்து எனக்கு முதலில் திரும்பி வந்தது அந்தப் பயம்தான். இது தப்புங்க, மாத்துங்க என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் இல்லை, இப்பவே என்றேன். குத்தகைப் பதிவு நகலை வீட்டுக்குப் போய் எடுத்து வந்து காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, அடித்து, சரியாக எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். போட்டார். தேதி போடுங்கள் என்றேன். பேனாவை மூடப்போனவர் மறுபடி திறந்து அதையும் போட்டார்.

கேஸில் என் பதிவு போனது. மடம் பிறகு அவளிடமிருந்தும் நிலத்தை எடுக்கத்தான் பார்த்தது. கொடிக்காரர்கள் வந்து வரப்பில் நின்றார்கள். பல வாய்தா ஓடியது. நானும் போய், பதினெட்டு வருஷமாக இந்தப் பெண்தான் என்று சாட்சி சொன்னேன். கடைசியில் அவள் பேரிலேயே குத்தகை எழுதினார்கள். இதெல்லாம் ரொம்பப் பின்னால்.

அன்றைக்கு வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து நேரே வயல் பக்கம் போனேன். எண்ணைத் திருத்தியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டிலேயே நின்றுவிட்டேன். பயிர் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. நடுவயலில் ஓர் ஆள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, தலையில் கட்டு. அவள் சொன்னது சரிதான். தூரத்திலிருந்து பார்க்க நான்தான்.